பானெட்டைத் திற: ஏர் ஃபில்டர் கிட் போடலாமா, வேண்டாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காற்றைப் பற்றியே இருக்கின்றன. கோன் ஃபில்டர், காட்டன் ஃபில்டர், கோல்டு ஏர் கிட் என்று பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான். அதனால் பிரேக், ஏ.சி. பற்றிய கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கு நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டே தங்கள் பதிலுக்கு வாருங்கள்.

கேள்வி: அண்ணா, என்னிடம் 2019 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி, இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 58,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஈரோட்டில் வேலை, வாரக் கடைசியில் கோபிக்கு வீட்டுக்குப் போவேன். நண்பன் ஒருவன் அலுமினியப் பைப்போடு கோன் ஃபில்டர் கிட் போட்டிருக்கிறான். "பத்து குதிரைத்திறன் ஏறும், மைலேஜும் கூடும்" என்கிறான். எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய் ஆகும். போனஸ் வந்திருக்கிறது. முன்பு இருந்த பிக்கப் வண்டியில் இப்போது இல்லை என்றும் தோன்றுகிறது. போடலாமா?
— ஈரோடு வாசகர்

பதில்: தம்பி, வேண்டாம். ஏன் என்பதை நீயே அளந்து பார்க்கும் விதத்தில் சொல்கிறேன். நான் சொன்னேன் என்பதற்காகவும் விட வேண்டாம், நண்பன் சொன்னான் என்பதற்காகவும் போட வேண்டாம்.

உன் வண்டியில் இருப்பது 1,197 சி.சி. இன்ஜின். 6,000 ஆர்.பி.எம்.மில் 83 குதிரைத்திறன் தருகிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஆதலால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்து 6,000-ல் ஓட்டினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,600 லிட்டர் காற்று உள்ளே போகும். அந்த அளவுக்குத் தாங்கும்படிதான் கம்பெனி அந்தக் காகித ஃபில்டரையும் பெட்டியையும் அளவெடுத்துப் போட்டிருக்கிறது.

நீ ஈரோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் மூன்றாவது கியரில் 2,000-ல் உருட்டிக்கொண்டு போகும்போது என்ன ஆகிறது? ஆக்சிலரேட்டரை லேசாகத்தான் மிதித்திருப்பாய். த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் வட்டத் தகடு கொஞ்சமாகத் திறந்து, முக்கால்வாசி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். இன்ஜின் இழுப்பது முன்னே சொன்ன கணக்கில் எட்டில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. காற்றைக் கட்டிப்போட்டிருப்பது அந்தத் தகடு. அதைக் கட்டுப்படுத்துவது உன் கால். கிச்சன் குழாயைப் பாதி மூடி வைத்துக்கொண்டு, மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் பைப்பைப் பெரிதாக்கினால் தண்ணீர் கூடுதலாக வருமா? இங்கேயும் அதே கதைதான். உன் ஓட்டத்தில் பெரும்பகுதி நேரம் ஃபில்டர் ஒரு தடையே இல்லை.

சரி, பைபாஸில் முழுதும் மிதிக்கும்போதாவது தடையாக இருக்குமா? அதை அளக்க வழி இருக்கிறது. புளூடூத் ஸ்கேனர் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, மொபைலில் ஆப் திறந்து, 'மேனிஃபோல்டு பிரஷர்' (த்ராட்டிலைத் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயில் உள்ள அழுத்தம்) என்ற வரி வருகிறதா பார். வந்தால், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய். அப்போது காட்டுவது வெளியே உள்ள காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் பக்கம் இருக்கும். ஈரோட்டில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக, 98-99 வரும். அப்புறம் ஆள் இல்லாத நேரத்தில் பைபாஸில் இரண்டாவது கியரிலேயே முழுதும் மிதித்து 5,500 வரை ஏற்று. எண்ணைப் பார்ப்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனின் வேலை, உன் கண் ரோட்டை விட்டு நகரக் கூடாது. அந்த நேரத்தில் 96 காட்டினால், பம்பரில் ஆரம்பித்து மேனிஃபோல்டு வரை மொத்த வழியும் சேர்ந்து தின்றது இரண்டு மூன்று கிலோபாஸ்கல்தான். அதாவது நூற்றுக்கு இரண்டு மூன்று. அதிலும் ஃபில்டரின் பங்கு ஒரு பகுதிதான். பாக்கி பைப்பின் வளைவிலும் த்ராட்டில் பாடியிலும் போகிறது.

ஸ்கேனரில் அந்த வரி வராத வண்டிகளுக்கு என் ஒர்க்ஷாப்பில் பழைய முறை ஒன்று வைத்திருக்கிறேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், உள்ளே தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் ட்யூபை யூ வடிவில் மடித்து ஒரு பலகையில் கட்டி, பாதிக்குச் சாயத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். ஒரு முனை திறந்திருக்கும். மறுமுனையை நீளமான ட்யூபால் ஃபில்டருக்குப் பின்னால் ஏர் பாக்ஸில் இருக்கும் சின்னத் துளையோடு இணைப்பேன். ஓட்டிப் பார்க்கும்போது இழுவை கூடக் கூடத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறும். இரண்டு பக்கத்துக்கும் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் நூற்றுக்கு ஒன்று காற்று குறைகிறது என்று அர்த்தம், ஏனென்றால் காற்று மண்டலத்தின் மொத்த அழுத்தம் தண்ணீர்க் கணக்கில் பத்து மீட்டருக்குச் சற்று மேல். முதலில் ஃபில்டரோடு ஓட்டிப் பார்ப்பேன். பிறகு நல்ல தார் ரோட்டில் ஒரே ஒரு ஓட்டம் மட்டும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஃபில்டரின் உண்மையான தடை. இதைப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்த பிள்ளைகள் பலர் கிட் வாங்கும் எண்ணத்தைத் தாங்களாகவே விட்டிருக்கிறார்கள்.

இதை எதோடு ஒப்பிடலாம் தெரியுமா? கோவையிலிருந்து ஊட்டிக்கு ஏறினால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கோவை 400 மீட்டர் சொச்சம் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். லவ்டேல் பக்கம் வண்டி சோம்பலாக இருப்பது அதனால்தான். அது நூற்றுக்கு இருபது. நாம் பேசிக்கொண்டிருப்பது நூற்றுக்கு ஒன்று, இரண்டு.

உன் நண்பன் சொல்லும் பத்து குதிரைத்திறன் ஏற வேண்டும் என்றால் 83, 93 ஆக வேண்டும். அதற்கு நூற்றுக்குப் பன்னிரண்டு காற்று கூடுதலாக வேண்டும். மொத்தத் தடையே இரண்டு மூன்றுதான் என்னும்போது, ஃபில்டரையே தூக்கி எறிந்தாலும் பன்னிரண்டு எங்கிருந்து வரும்?

அடுத்தது வெப்பம். கோன் ஃபில்டர் பானெட்டுக்குள் திறந்தபடி, எக்ஸாஸ்ட்டுக்கும் ரேடியேட்டருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கம்பெனி பாக்ஸின் வாய் எங்கே திறக்கிறது என்று பானெட்டைத் திறந்து பார். ரேடியேட்டருக்கு மேலேயோ ஹெட்லைட் பக்கமோ, வெளிக்காற்று வரும் இடத்தில்தான் இருக்கும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது சிக்னலில் நிற்கும் வண்டியின் பானெட்டுக்குள் 60 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டுக் காற்று வெளிக்காற்றைவிட ஏழெட்டு சதவீதம் அடர்த்தி குறைந்தது. இன்ஜினுக்கு வேண்டியது ஆக்சிஜனின் எடை. ஃபில்டரில் ஒரு சதவீதம் சம்பாதித்து, சூட்டில் ஏழு சதவீதம் விடுகிறாய். ஓடும்போது சூடு குறையும் என்பது உண்மை. ஆனால் ஈரோட்டில் எத்தனை நேரம் தடையில்லாமல் ஓடுகிறாய் என்பது உனக்கே தெரியும். அதே ஸ்கேனரில் 'இன்டேக் ஏர் டெம்பரேச்சர்' என்று, உள்ளே போகும் காற்றின் சூட்டைக் காட்டும் ஒரு வரி உண்டு. நண்பனின் வண்டியிலும் உன் வண்டியிலும் ஒரே டிராஃபிக்கில் அதைப் பார். விற்பவர்கள் காட்டும் டைனோ (குதிரைத்திறனை அளக்கும் மெஷின்) பேப்பரைப் பார்க்கும்போதும் ஒன்றை விசாரி: ஓட்டியபோது பானெட் திறந்திருந்ததா, முன்னால் பெரிய ஃபேன் ஓடியதா? திறந்திருந்தால் அந்தச் சூடு கணக்கில் வரவே இல்லை.

அப்படியானால் உன் நண்பனுக்கு மட்டும் ஏன் வண்டி பறப்பதாகத் தோன்றுகிறது? சத்தம். கம்பெனி ஏர் பாக்ஸோடு சேர்த்து, வேலையற்றது போலத் தெரியும் ஒரு பிளாஸ்டிக் டப்பா தொங்கும். அது ரெசனேட்டர். இன்ஜின் காற்றை இழுக்கும்போது எழும் உறுமலை அதுதான் விழுங்குகிறது. கிட் போடும்போது அதுவும் கழன்றுவிடும். மிதித்தவுடன் உறுமல் கேட்கும், காதுக்கு வேகம் கூடியது போல இருக்கும். அந்தச் சத்தம் பிடிப்பதில் தப்பு எதுவும் இல்லை, எனக்கும் பிடிக்கும். சத்தத்துக்காகத்தான் 22,000 என்று தெரிந்தே கொடுப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. நீ கேட்டது பிக்கப்பும் மைலேஜும்.

மைலேஜைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்து வெளியிட்டது. இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களில் ஏர் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துவைத்து ஓட்டிப் பார்த்தார்கள். மைலேஜில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. காற்று குறைந்தால் ஈ.சி.யூ. என்னும் இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். வேகமெடுக்கும் நேரம் மட்டும் சில சதவீதம் கூடியது. பழைய கார்புரேட்டர் வண்டியில் மட்டுமே மைலேஜும் அடிவாங்கியது. அடைத்த ஃபில்டரே மைலேஜைக் கெடுக்கவில்லை என்றால், சுத்தமான ஃபில்டரை எடுத்துவிட்டு வேறொன்று போட்டு மைலேஜ் எப்படி ஏறும்?

உன் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வரிதான்: முன்பு இருந்த பிக்கப் இப்போது இல்லை. அது உண்மையாக இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். புதுக் கம்பெனி ஏர் ஃபில்டர் சில நூறு ரூபாய்தான், முதலில் அதை மாற்று. ஸ்பார்க் பிளக் எப்போது மாற்றியது என்று அப்பாவிடம் கேள். த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் சுத்தம் செய்யச் சொல். நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார், பிரேக் எங்காவது பிடித்துக்கொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். நான்காவது கியரில் ஏற்றத்தில் மிதிக்கும்போது ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளச் தேய்ந்திருக்கிறது. இத்தனையும் பார்த்து, வேண்டியதை மாற்றினாலும் போனஸில் மிச்சம் இருக்கும். கோபிக்குப் போகிற வழியில் வித்தியாசமும் தெரியும்.

கேள்வி: ஃபில்டர் பைப்புக்குள் வைக்கும் சின்ன ஃபேன் ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். காற்றைச் சுழற்றி அனுப்பி 30 சதவீதம் மைலேஜ் கூட்டுமாம். 800 ரூபாய்தான். வாங்கிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?
— கரூர் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். அது காற்று வழியில் நீங்களே காசு கொடுத்து வைக்கும் ஒரு தடை. சுழன்று வரும் காற்று த்ராட்டில் தகட்டில் மோதியதும் அந்தச் சுழற்சி அங்கேயே கலைந்துவிடும். மைலேஜ் கூட்டும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பரிசீலித்திருக்கிறது. சொல்லும்படி மைலேஜ் கூட்டியது என்று ஒன்றும் தேறவில்லை. நஷ்டம் என்ன என்று கேட்டீர்கள். அந்த ஃபேனின் இறகு ஒன்று உடைந்து டர்போவுக்குள்ளோ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சுழலி) சிலிண்டருக்குள்ளோ போனால், 800 ரூபாய்க்குப் பின்னால் எத்தனை பூஜ்யம் சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2016 மாடல் டிசையர் டீசல் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றி சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலைகளும். லாரிகளுக்குப் பின்னால் போனாலே தூசிப் படலம்தான். ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. கழுவி, எண்ணெய் தடவி, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் காட்டன் ஃபில்டர் போட்டால் வாழ்நாளுக்கும் போதும் என்கிறார்கள். போடலாமா?
— அரியலூர் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் ஊருக்குத்தான் அது அறவே ஆகாது.

எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரில் நல்ல தயாரிப்புகள் உண்டு. கே அண்ட் என், பி.எம்.சி. போன்றவை பந்தய வண்டிகளுக்குப் பல ஆண்டுகளாகச் செய்து தருகின்றன. பந்தய வண்டிக்குக் காற்று தாராளமாக வேண்டும். இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பார்கள், பத்தாண்டு உழைக்க வேண்டும் என்ற கவலை கிடையாது. உங்கள் டிசையர் பத்தாண்டு உழைத்தது, இன்னும் உழைக்க வேண்டும். நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் கம்பெனிக் காகித ஃபில்டரைத் தாண்டுவது கடினம். அதில் தூசி படியப் படிய துளைகள் இன்னும் சின்னதாகி, பிடிக்கும் திறன் கூடும். காற்று போகும் வழியைத் தாராளமாக்கினால், அதே வழியில் தூசியும் கொஞ்சம் தாராளமாகவே போகும்.

டீசலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினைப் போல இழுவையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு அதில் கிடையாது. டர்போ வேறு இருக்கிறது. மெதுவாகப் போகும்போதுகூட முதல் கடிதத்து ஸ்விஃப்ட் பெட்ரோலைவிட இரண்டு மூன்று மடங்கு காற்றை உங்கள் 1.3 டீசல் இழுக்கிறது. அவ்வளவு காற்றோடு வரும் தூசி முதலில் போய் மோதுவது நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுற்றும் டர்போ இறகில். அது அரிபட்டு, அப்புறம் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேயும். வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். அதற்குள் காரியம் கை மீறியிருக்கும். காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் ஃபில்டரை அடுத்துத்தான் இருக்கிறது. காட்டன் ஃபில்டருக்கு எண்ணெய் ஒரு சொட்டு அதிகமாகிவிட்டால் அந்த எண்ணெய் சென்சாரின் மெல்லிய சூட்டுத் தகட்டில் படிந்து, அதில் தூசியும் ஒட்டும். காற்று குறைவாக வருவதாக அது ஈ.சி.யூ.வுக்குச் சொல்லும், ஈ.சி.யூ. டீசலைக் குறைக்கும், வண்டி இழுக்காது. பிக்கப் கூட்டப் போட்டது பிக்கப்பைக் குறைத்துவிடும்.

ஒரு சோதனை சொல்கிறேன், வீட்டு வாசலிலேயே செய்யலாம். ஏர் பாக்ஸ் மூடியைத் திறக்கும் முன்பு மேலே இருக்கும் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஃபில்டருக்குப் பின்னால், டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றுங்கள். விரலில் வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றி, அந்த ஹோஸின் உள்பக்கத்தை ஒரு சுற்று துடைத்து வெளியே எடுங்கள். துணி வெள்ளையாக இருக்க வேண்டும். லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பரவாயில்லை, அது கிரான்க் கேஸிலிருந்து, அதாவது இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து வரும் ஆயில் ஆவி. சாம்பல் நிறத்தில் மாவு போலத் தூசி வந்தால், விரலால் தேய்க்கும்போது நறநறவென்று இருந்தால், ஃபில்டரைத் தாண்டித் தூசி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் காரணம் ஃபில்டர் அல்ல. பாக்ஸின் கிளிப் ஒன்று மாட்டாமல் இருக்கும், அல்லது ஃபில்டரின் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் உட்காமல் ஒரு மூலையில் மடிந்திருக்கும். அந்த மூலையில் தூசி சென்ற தடம் கோடு போட்டது போல அப்படியே தெரியும். என்னிடம் வந்த ஒரு குவாரி முதலாளியின் ஜீப்பில் அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்து போனால் நேராக டர்போ வாயில் முடிந்தது. ஃபில்டர் என்னவோ புத்தம் புதிது.

உங்கள் வண்டிக் கையேட்டில், தூசிச் சாலையில் ஓட்டுபவர்களுக்கு ஃபில்டர் மாற்றும் கணக்கைத் தனியாகக் கொடுத்திருப்பார்கள். அதைப் பின்பற்றுங்கள். அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறதே என்று வருந்தாதீர்கள். அடைத்துக்கொள்ளும் ஃபில்டர் தன் வேலையைச் செய்கிறது. ஒரு இன்ஜின் ஓவர்ஹால் காசுக்கு இந்த வண்டியின் ஆயுள் முழுவதற்கும் காகித ஃபில்டர் வாங்கலாம்.

கேள்வி: அண்ணா, என் கார் 2020 போலோ 1.0 டர்போ பெட்ரோல், மேனுவல். வாரண்டி முடிந்துவிட்டது. ஈ.சி.யூ. ரீமேப் செய்து, இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பழகும் நாட்களில் ஓட்ட ஆசை. டியூனர், பம்பருக்குக் கீழே வரை பைப் இறங்கும் கோல்டு ஏர் கிட் சிபாரிசு செய்கிறார். குடியிருப்பது பள்ளிக்கரணையில். அதுதான் யோசனை.
— சென்னை வாசகி

பதில்: உன் கேஸ் வேறு, தங்கச்சி. இந்த இதழில் 'இன்டேக் (ஃபில்டரும் பைப்பும் சேர்ந்த காற்று வழி) போடலாம்' என்று நான் சொல்லப்போவது உனக்கு மட்டும்தான். ஆனால் அந்தக் கிட் அல்ல.

ரீமேப் என்றால் ஈ.சி.யூ.வுக்குள் இருக்கும் கணக்கை (மேப்) மாற்றி எழுதுவது. அது செய்யாத டர்போ வண்டியில் புது இன்டேக் போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. மேனிஃபோல்டில் இவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று ஈ.சி.யூ.வுக்கு ஒரு இலக்கு இருக்கும். ஃபில்டரில் கொஞ்சம் தடை இருந்தால் டர்போவை இன்னும் கொஞ்சம் சுற்றவைத்து அந்த இலக்கைத் தொட்டுவிடும். ரீமேப் செய்து அந்த இலக்கை உயர்த்தினால் டர்போ ஏற்கெனவே மூச்சுத் திணறும் எல்லையில் ஓடும். அப்போது அதன் வாயில் இருக்கும் ஒவ்வொரு கிலோபாஸ்கலுக்கும் மதிப்பு உண்டு. டிராக்கில் நீ முழுதும் மிதித்தபடியே பெரும்பகுதி நேரம் ஓட்டுவாய். நல்ல காற்று வேகத்தில் ஓடுவதால் பானெட்டுச் சூடும் கலையும். ஆக, ரீமேப், இன்டேக் இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். இன்டேக் மட்டும் தனியாக என்றால் காசு தண்டம்.

என்ன வாங்கலாம்? கம்பெனி பாக்ஸிலேயே பொருந்தும் தட்டை ஃபில்டரில் ஆரம்பி. அதை வைத்து ரீமேப் செய்து, டியூனரிடம் அளந்து காட்டச் சொல். டர்போ வாயில் இன்னும் தடை தெரிந்தால், நான்கு பக்கமும் மூடிய பாக்ஸ் உள்ள, வெளிக்காற்றை முன் கிரில் வழியாக எடுக்கும் கிட்டுக்குப் போ. பைப்பின் விட்டம் மாறினாலோ சென்சார் இடம் மாறினாலோ அதற்கேற்ப மேப்பும் மாற வேண்டும் என்பதை டியூனரிடம் முதலிலேயே பேசிக்கொள். செக் இன்ஜின் லைட் எரிந்தால் 'அது அப்படித்தான் எரியும்' என்று சொல்பவரிடம் வண்டியை விடாதே.

பம்பருக்குக் கீழே இறங்கும் பைப்பைத் தொடவே தொடாதே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் எப்படி இருந்தன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி பாக்ஸின் வாய் ஹெட்லைட் உயரத்தில் இருப்பதற்குக் காரணமே தண்ணீர்தான். அந்த வாயை டயர் உயரத்துக்கு இறக்கினால், முழங்காலுக்குக் கீழே நிற்கும் தண்ணீரையே இன்ஜின் குடித்துவிடும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது வழியில்லாமல் கனெக்டிங் ராட் வளையும். சில நேரம் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் வராது. 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாக எடுத்திருக்க வேண்டும். அதை எடுத்திருந்தாலும், வண்டியில் செய்த மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். நீ எந்த இன்டேக் போட்டாலும் இதைச் செய்துவிடு.

இன்னொன்று. தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி செல்ஃப் அடிக்காதே. தள்ளிக்கொண்டு போய் மேட்டில் நிறுத்து. பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கும் வரை சாவியைத் தொடாதே. வளைந்த ராடுகளில் பல, நின்ற பிறகு அடித்த அந்த ஒரு செல்ஃபில் வளைந்தவை.

கேள்வி: என் மகன் கல்லூரிக்குப் போகும் காரில் திறந்த ஃபில்டர் ஒன்றைப் போட்டு வந்திருக்கிறான். ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. போலீஸோ ஆர்.டி.ஓ.வோ பிடித்தால் எனக்குப் பிரச்சினை வருமா?
— திருநெல்வேலி வாசகி

பதில்: அம்மா, ஆர்.சி. உங்கள் பெயரில் இருப்பதால் கேள்வி உங்களிடம்தான் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஏர் ஃபில்டர் என்று ஆர்.சி.யில் தனி வரி கிடையாது. கம்பெனி பாக்ஸுக்குள் உட்காரும் ஃபில்டரை மாற்றுவது பராமரிப்பு, அதற்கு யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. பாக்ஸையே கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டர் வைப்பது சத்தத்தையும் புகை அளவையும் மாற்றக்கூடியது. கம்பெனி அங்கீகாரம் வாங்கியது அந்தப் பாக்ஸோடுதான். வண்டிக்கு வாரண்டி இருந்தால், இன்ஜினில் எது வந்தாலும் சர்வீஸ் சென்டர் முதலில் சுட்டிக்காட்டுவதும் இந்த ஃபில்டரைத்தான்.

மகனைத் திட்ட வேண்டாம். வண்டி மேல் ஆர்வம் உள்ள பையன், அது நல்ல விஷயம். கழற்றிய பழைய பாக்ஸ் எங்கே என்று மட்டும் கேளுங்கள். பல இடங்களில் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள், பிறகு புதிதாக வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். இன்றே கடைக்குப் போய் அந்தப் பழைய பாக்ஸை எடுத்து வரச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும் வேலையை அவனே செய்யட்டும், ஒரு ஸ்க்ரூடிரைவரும் பத்து எம்.எம். ஸ்பானரும் பெரும்பாலும் போதும். முதல் கடிதத்தில் சொன்ன ஸ்கேனர் சோதனையை இரண்டு விதமாகவும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தையும் அவனிடம் கொடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு சர்வீஸிலும் ஃபில்டரை கம்ப்ரஸர் காற்றில் அடித்துச் சுத்தம் செய்து திரும்பப் போடுகிறார்கள். சரியா?
— நாமக்கல் வாசகர்

பதில்: அடிக்கும் விதத்தைப் பொறுத்தது. டயருக்குப் பிடிக்கும் பிரஷரில், தூசி படிந்த பக்கத்திலிருந்தே நெருக்கமாக அடிக்கிறார்கள். அது தூசியைக் காகிதத்துக்குள் திணிக்கும், மடிப்பில் ஊசித் துளையும் போடும். அடிப்பதானால் சுத்தமான பக்கத்திலிருந்து, பிரஷரைக் குறைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். அப்புறம் இருட்டான இடத்தில் உள்ளே டார்ச் அடித்து வெளியே பாருங்கள். பரவலாக மங்கிய வெளிச்சம் தெரிந்தால் போடலாம். எங்காவது ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று தெரிந்தால் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். தண்ணீரில் நனைந்த காகித ஃபில்டருக்கும் அதே தீர்ப்புதான், காயவைத்துப் போட வேண்டாம்.